எல். சிவராமகிருஷ்ணன்: 20 வயதில் முடிந்த டெஸ்ட் வாழ்க்கை

இலட்சுமணன் சிவராமகிருஷ்ணன், 1965 டிசம்பர் 31 அன்று சென்னையில் பிறந்த வலக்கை லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். தமிழ்நாட்டு அணிக்காகவும் இந்திய அணிக்காகவும் ஆடியவர். 1983 முதல் 1986 வரை 9 டெஸ்ட் ஆட்டங்களில் 26 விக்கெட்டுகள் எடுத்தார். இந்த 26-இல் 18 விக்கெட்டுகள், அடுத்தடுத்து வந்த மூன்றே இன்னிங்ஸ்களில் கிடைத்தவை. எஞ்சிய வாழ்க்கை முழுவதற்கும் சேர்த்து மீதி 8. இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஏறி இவ்வளவு வேகமாக இறங்கியவர்கள் மிகச் சிலரே. அந்த இறக்கத்துக்கு என்ன காரணம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கம்

பள்ளிப் பருவத்திலேயே சென்னைக் கிரிக்கெட் வட்டாரத்தில் 'சிவா' என்ற பெயர் பரவிவிட்டது. 12 வயதில் பள்ளிகளுக்கு இடையிலான ஓர் ஆட்டத்தில் 2 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். 1981-82 பருவத்தில், 16 வயதில், ரஞ்சிக் கோப்பைக் காலிறுதியில் டெல்லிக்கு எதிராக இறக்கப்பட்டார். அதுதான் அவருடைய முதல் ரஞ்சி ஆட்டம். அதில் 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். டெல்லி அன்று வலுவான அணி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1983-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற இந்திய அணியில் இடம் கிடைத்தது. அதே பயண அணியில் தமிழ்நாட்டின் மூத்த சுழற்பந்து வீச்சாளர் எஸ். வெங்கட்ராகவனும் இருந்தார். வெங்கட்ராகவன் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1965 பிப்ரவரியில். அப்போது சிவா பிறக்கவே இல்லை. ஏப்ரல் 28 அன்று ஆன்டிகுவாவில் தொடங்கிய ஐந்தாவது டெஸ்டில் சிவா களமிறங்கியபோது அவருக்கு வயது 17 ஆண்டு 118 நாள். அதுவரை இந்தியாவுக்காக ஆடியவர்களில் அவரே மிக இளையவர். 1989-இல் சச்சின் டெண்டுல்கர் வரும்வரை அந்தச் சாதனை நின்றது. அந்த ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் நால்வர் சதம் அடித்தார்கள். சிவாவுக்கு விக்கெட் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த டெஸ்டுக்கு ஒன்றரை ஆண்டு காத்திருந்தார்.

மூன்று இன்னிங்ஸ்

1984 இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது நாடு அமைதியாக இல்லை. அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். பம்பாய் டெஸ்ட் தொடங்குவதற்கு முந்தைய நாள், அந்நகரில் இருந்த பிரிட்டிஷ் துணை உயர் ஆணையர் பெர்சி நாரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆட்டம் நடக்குமா என்பதே ஐயமாக இருந்தது. நடந்தது. 1984 நவம்பர் 28 அன்று தொடங்கிய அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 195 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 18 வயது சிவாவுக்கு 64 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 117-க்கு 6. இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதற்கு முன் 31 டெஸ்ட்களாக இந்தியா ஒன்றில்கூட வென்றிருக்கவில்லை என்பதால், நாட்டுக்கு ஒரு சிறுவன் வெற்றியை மீட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது.

டிசம்பரில் டெல்லி டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் மீண்டும் 6 விக்கெட், 99 ஓட்டங்களுக்கு. தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ்களில் ஆறு ஆறு விக்கெட்.

இங்கேயே நின்று கணக்கைப் பார்க்க வேண்டும். அத்தொடர் முழுவதும் சிவா எடுத்தவை 23 விக்கெட்டுகள். அதில் 18 இந்த மூன்று இன்னிங்ஸ்களில் வந்துவிட்டன. டெல்லி இரண்டாவது இன்னிங்ஸ், கல்கத்தா, சென்னை, கான்பூர் எல்லாம் சேர்த்து மீதி 5 மட்டுமே. சிவாவின் சரிவை 1986-இல் தொடங்கியதாகவே பலரும் எழுதுகிறார்கள். எண்களோ அது 1984 டிசம்பரிலேயே, புகழின் உச்சியில் இருந்தபோதே தொடங்கியதைக் காட்டுகின்றன. செய்தித்தாள்கள் வாழ்த்திக்கொண்டிருந்த வாரங்களில் இங்கிலாந்து மட்டையாளர்கள் அவரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1985 ஜனவரியில் சேப்பாக்கத்தில், சொந்த ஊர் மக்கள் முன்னால், அந்தப் படிப்பு முடிந்தது தெரிந்தது. கிரீம் ஃபௌலர் 201, மைக் கேட்டிங் 207. இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 652 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. கேட்டிங் அத்தொடரில் மட்டும் 575 ஓட்டங்கள் குவித்தார். பந்து தரையில் விழும் இடத்துக்கே காலை நகர்த்திச் சென்று ஆடுவது, விழுந்தபின் சுழல நேரம் கொடுக்காமல் அடிப்பது, ஸ்வீப் செய்வது என்ற எளிய வழிகள்தாம். தொடரை இங்கிலாந்து 2-1 என வென்றது.

மெல்போர்ன்

சரிவு தொடங்கியதை யாரும் கவனிக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1985 பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் ஒருநாள் போட்டியில் சிவா மீண்டும் ஒளிர்ந்தார். மார்ச் 10 அன்று மெல்போர்னில் மின்னொளியில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 3 விக்கெட் எடுத்தார். ஜாவேத் மியாந்தாத் முன்னேறி வந்து ஏமாந்து, விக்கெட் காப்பாளர் சதானந்த் விஸ்வநாத்தின் கையால் ஸ்டம்பிங் ஆன காட்சியை அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். இந்தியா எளிதாக வென்று கோப்பையைப் பெற்றது. ஒருநாள் ஆட்டத்தில் லெக் ஸ்பின் வீசினால் அடி வாங்குவார்கள் என்ற நம்பிக்கையை அன்று உடைத்தவர் சிவா.

ஆனால் மெல்போர்ன் ஒரு பெரிய மைதானம். தூக்கி அடித்தால் எல்லைக்கு முன்பே பந்து பிடிபடும். அவசரமாக ஓட்டம் சேர்க்க வேண்டிய மட்டையாளருக்கு உயரமாகத் தூக்கி வீசப்படும் பந்து ஒரு தூண்டில். டெஸ்ட் ஆட்டத்திலோ மட்டையாளருக்கு அவசரமே இல்லை. ஒன்றில் பலித்தது மற்றொன்றில் பலிக்கும் என்று அணித் தேர்வாளர்கள் எண்ணியிருக்கலாம்.

அத்தொடருடன் சுனில் கவாஸ்கர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கபில் தேவ் மீண்டும் தலைவரானார். மணிக்கட்டுச் சுழல் வீச்சாளரின் வாழ்வில் அணித்தலைவர் முக்கியமானவர். சிக்ஸர் போனாலும் பந்தைத் திரும்பக் கையில் கொடுப்பவர் வேண்டும். அவர் கேட்கும் இடத்தில் ஆளை நிறுத்த வேண்டும். கவாஸ்கரின் கீழ் சிவா சிறப்பாகச் செயல்பட்டார் என்பது பதிவில் உள்ளது. அதற்காகக் கபில் தேவைக் குறை சொல்வது நியாயமாகாது. விக்கெட் வராத பந்துவீச்சாளரை எந்தத் தலைவரும் எத்தனை ஆட்டத்துக்குத் தாங்குவார்?

அதன்பின் மூன்று டெஸ்ட்கள், 3 விக்கெட்டுகள். 1985 இலங்கைப் பயணத்தில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் இரண்டு. கடைசி டெஸ்ட் 1986 ஜனவரி 2 முதல் 6 வரை சிட்னியில் நடந்தது. 20 வயது நிறைந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன.

மணிக்கட்டின் கணக்கு

இந்தச் சரிவைப் புரிந்துகொள்ள லெக் ஸ்பின் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். விரலால் சுழற்றும் ஆஃப் ஸ்பின்னருக்குப் பந்து ஆள்காட்டி விரலின் கட்டுப்பாட்டில் இருக்கும். லெக் ஸ்பின்னர் மூன்றாவது விரலாகிய மோதிர விரலாலும் மணிக்கட்டின் திருப்பத்தாலும் பந்தைச் சுழற்றுகிறார். கை தலைக்கு மேல் வேகமாகச் சுற்றிவரும்போது, மணிக்கட்டு குறுக்காகத் திரும்பும் அந்த ஒரு கணத்தில் பந்து விடுபட வேண்டும். கணம் முந்தினால் பந்து தரையில் படாமலே மட்டையாளரிடம் போகும் புல்டாஸ். பிந்தினால் பாதிவழியிலேயே குத்தி எழும் குட்டைப் பந்து. இரண்டுமே நான்கு ஓட்டம்தான். கூக்ளி வீசும்போது அதே மணிக்கட்டு இன்னும் அதிகமாகத் திரும்பி, புறங்கை மட்டையாளரைப் பார்க்கும் நிலையில் பந்து விடுபடுகிறது. தோளும் அதற்கேற்பச் சற்று இறங்குகிறது. கூக்ளியை அளவுக்கு மேல் வீசிப் பழகியவர்களுக்கு, நேரான லெக் பிரேக் பந்தின் சுழல் மெல்லக் குறைந்துபோகும் ஆபத்து உண்டு என்பது பழைய பயிற்சியாளர்கள் எல்லோரும் அறிந்தது.

நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித் தோப்பு ஓரத்துச் செம்மண் தரையில் டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்தால் இதில் பாதி விளங்கிவிடும். டென்னிஸ் பந்து இலேசானது. எவரும் மணிக்கட்டைத் திருப்பி ஒரு முழம் சுழற்றிக் காட்டலாம். அதே பிள்ளை கையில் தோல் பந்தைக் கொடுத்தால், ஆறு பந்தில் இரண்டு எங்கோ போகும். பத்து ஆண்டு வீசினால்தான் ஆறும் ஓரிடத்தில் விழும். சிவாவுக்கு அந்தப் பத்து ஆண்டு கிடைக்கவில்லை. 16 வயதில் கையில் இருந்த திறமையை வைத்துக்கொண்டே 18 வயதில் உலகத்தரமான மட்டையாளர்களுக்கு வீசினார். அந்த வயதில் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். கை நீளமும் தோள் வலுவும் ஓரளவு மாறினாலே பந்து விடுபடும் கணம் மாறிவிடும். ஒரு வாரம் முன் சரியாக விழுந்த பந்து இன்று ஏன் விழவில்லை என்பது வீசுபவருக்கே விளங்காது.

இக்கட்டத்தில் அருகிலிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆசிரியர் தேவை. 1985-இல் இந்திய அணிக்கு முழுநேரப் பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. பயணங்களுக்கு ஒரு மேலாளர் உண்டு; அவர் வேலை பெரும்பாலும் நிர்வாகம். தேசியக் கிரிக்கெட் அகாதமி பெங்களூருவில் தொடங்கப்பட்டது 2000-இல். சென்னையில் 1987-இல் எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பயிற்சி மையம் வந்து டென்னிஸ் லில்லி வந்து கற்றுக்கொடுத்தார். அது வேகப்பந்து வீச்சாளர்களுக்கானது. சுழற்பந்தோ இந்தியாவின் சொந்தக் கலை, தானே வளரும் என்று விட்டுவிட்டார்கள்.

சென்னையிலேயே அதற்கு முந்தைய தலைமுறையில் வி.வி. குமார் இருந்தார். 129 முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர். 1961-இல் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே 5 விக்கெட். ஆனாலும் மொத்தம் ஆடியது 2 டெஸ்ட்கள். அவருடைய கதை நேர்மாறானது: உள்நாட்டில் பல்லாண்டு தேய்ந்து கூர்மையான கை, வெளியே வாய்ப்பில்லை. சிவாவுக்கோ வாய்ப்பு முதலில் வந்தது, தேர்ச்சிக்கு நேரமில்லை. 76 முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தவை 154 விக்கெட்டுகள், ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு.

மற்றவர்கள்

சிவா தனியர் அல்லர். 1988 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி என்ற 19 வயது லெக் ஸ்பின்னர் தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளை 136 ஓட்டங்களுக்கு எடுத்தார். முதல் நான்கு டெஸ்ட்களில் அவருக்கு 36 விக்கெட். அடுத்த பதின்மூன்றில் 30. 1972-இல் லார்ட்ஸில் முதல் டெஸ்டில் 16 விக்கெட் எடுத்த ஆஸ்திரேலியரான பாப் மாஸி, மொத்தம் 6 டெஸ்ட்களோடு முடிந்துபோனார்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்திலும் இதற்கு ஒரு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஸ்டீவ் பிளாஸ், 1971 உலகத் தொடரின் ஏழாவது, முடிவு ஆட்டத்தை முழுவதும் தாமே எறிந்து வென்று கொடுத்தவர். 1972-இல் 19 ஆட்டங்களை வென்றார். 1973-இல் திடீரென்று பந்தை இலக்கில் எறியவே முடியவில்லை. 89 இன்னிங்ஸ்கூட எறியாத நிலையில் 84 முறை எதிரணியினரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பினார். கையில் காயமில்லை, வலியில்லை. மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் தேடியும் காரணம் அகப்படவில்லை. காயமின்றித் திடீரென எறிதிறன் போவதை இன்றும் அந்நாட்டில் 'ஸ்டீவ் பிளாஸ் நோய்' என்றே சொல்கிறார்கள். கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலையை மனம் குறுக்கிட்டுக் கண்காணிக்கத் தொடங்கினால், கை தடுமாறும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் எண்ணிப் பார்த்தால் தடுக்கி விழுவதுபோல.

சிவாவின் நிலை பிளாஸின் நிலையைப்போல் அவ்வளவு முழுமையானதன்று. அவரால் வீச முடிந்தது. விக்கெட் எடுக்கும் அளவுக்கு வீச முடியவில்லை.

தலைக்கனம் என்ற விளக்கம்

'இளம் வயதில் புகழ் தலைக்கேறிவிட்டது' என்பதே தமிழ்நாட்டில் நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம். இது சோம்பேறித்தனமான விளக்கம். ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பில் முதலிடம் பெற்றுப் பத்தாம் வகுப்பில் பின்தங்கினால், அவன் என்ன பாடத்தில், எந்தக் கணக்கில் தடுமாறினான் என்று தாளைப் பார்க்காமல் 'திமிர்' என்று முடித்துவிடுவதைப் போன்றது. சிவாவின் தாள் எல்லோர் முன்னாலும் இருக்கிறது. டெல்லியின் முதல் இன்னிங்ஸுக்கும் இரண்டாவதற்கும் இடையே உள்ள சில நாட்களில் ஒருவருக்குத் தலைக்கனம் வந்துவிடாது. மட்டையாளர் கற்றுக்கொண்டார்கள், பந்துவீச்சாளருக்குப் புதிதாகக் கற்றுத்தர ஆளில்லை. பள்ளி முடித்த வயதுப் பிள்ளையிடம் நாட்டின் நம்பிக்கையை ஏற்றி வைத்துவிட்டு, அது இறங்கியபோது குணத்தில் குறை தேடினார்கள்.

வேறொன்றும் உண்டு. 2021 நவம்பரில் சிவராமகிருஷ்ணன், சொந்த நாட்டிலேயே வாழ்நாள் முழுவதும் தம் தோல் நிறத்துக்காகத் தாம் ஏளனத்துக்கும் பாகுபாட்டுக்கும் ஆளானதாக வெளிப்படையாக எழுதினார். மூன்று இன்னிங்ஸில் 18 விக்கெட் எடுத்த அந்த இளைஞன் வேறு எதைச் சுமந்துகொண்டிருந்தான் என்பது அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சரிவுக்கு அதுவே காரணம் என்று எண்களிலிருந்து காட்ட முடியாது. ஆனால் 'திமிர்' என்று சொன்னவர்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

பிற்காலம்

1987 உலகக் கோப்பை அணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார், நிலைக்கவில்லை. 1987-88-இல் எஸ். வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1954-55-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. சிவாவின் கை பந்தைக் கைவிட்டபோது மட்டை அவருக்கு ஓரளவு துணைநின்றது. முதல்தர ஆட்டங்களில் சதங்களும் அடித்தார். பின்னர் பரோடாவுக்காக ஆடினார். 2000 நவம்பரில் டாக்காவில் வங்கதேசம் தன் முதல் டெஸ்டை இந்தியாவுடன் ஆடியபோது வர்ணனையாளராக அறிமுகமாகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பணியில் இருந்தார். 2013-இல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் கிரிக்கெட் குழுவில் வீரர்களின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சென்னையின் இன்னொரு சுழற்பந்து வீச்சாளரான ரவிச்சந்திரன் அஸ்வினுக்கும் ஒரு பள்ளம் வந்தது. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெஸ்டின் இரு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 42 ஓவர் வீசி 108 ஓட்டங்கள் கொடுத்தார். ஆட்டம் முழுவதும் விக்கெட் இல்லை. அடுத்த பல மாதங்கள் வெளிநாட்டு டெஸ்ட்களில் வெளியே அமர்ந்தார். ஆனால் அப்போது அவருக்கு வயது 27. தம் வீச்சு முறையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த வயது; பயிற்சியாளர்களும் காணொளிப் பதிவுகளும் கைக்கெட்டும் காலம். திருத்திக்கொண்டு வந்து, 2024-இல் ஓய்வு பெறும்போது 537 டெஸ்ட் விக்கெட்டுகளில் நின்றார்.

சிவா கடைசி டெஸ்ட் ஆடிய அதே சிட்னி மைதானத்தில், சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 1992 ஜனவரி 2 அன்று இந்தியாவுக்கு எதிராக ஓர் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் முதல் டெஸ்ட் ஆடினார். பெயர் ஷேன் வார்ன். 150 ஓட்டங்கள் கொடுத்து எடுத்தது ஒரே விக்கெட். ஆட்டமிழந்தவர் சிவாவின் பழைய அணித்தோழர் ரவி சாஸ்திரி, அதுவும் 206 ஓட்டங்கள் அடித்து முடித்த பிறகு. முதல் இரண்டு டெஸ்ட்களில் வார்னின் கணக்கு 228 ஓட்டங்களுக்கு 1. சிவாவின் மோசமான நாட்களைவிட மோசம். ஆனால் அவருக்கு 22 வயதாகியிருந்தது. டெர்ரி ஜென்னர் என்ற முன்னாள் லெக் ஸ்பின்னர் ஆசானாக இருந்தார். தேர்வாளர்கள் திரும்ப அழைத்தார்கள். வார்ன் 708 டெஸ்ட் விக்கெட்டுகள் வரை சென்றார். அவர் சிட்னியில் அடி வாங்கிக்கொண்டிருந்த அந்த வாரம், சிவராமகிருஷ்ணனுக்கு 26 வயதுதான் நிறைந்திருந்தது.